கீசர் விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடவில்லை: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, எதற்கு மாற்றுவது?

சுவிட்சைப் போட்டால் கீசரில் சிவப்பு விளக்கு எரிகிறது. அரை மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியிலிருந்து இறங்கிய பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் உள்ளே தண்ணீரைச் சூடேற்றும் எலிமென்டை மாற்றினால் போதும் என்கிறார். கடையில் கேட்டால், "இத்தனை வருடம் உழைத்ததே பெரிது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேஸ் கீசர்தான் உசத்தி. மைத்துனர் சோலார் போடச் சொல்கிறார். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: இந்த நால்வரில் யார் சொல்வதைக் கேட்பது?

நால்வரும் அவரவர் அனுபவத்தைச் சொல்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டில் என்ன தண்ணீர், என்ன வோல்டேஜ் என்று நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை. திருவையாற்றில் ஆண்டுக்கணக்காக உழைக்கும் அதே மாடல் வேதாரண்யத்தில் சீக்கிரமே ஓட்டை விழுந்தால் அதற்குக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. டெல்டாவில் கீசரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீரும் மின்கம்பியும்தான். கம்பெனிப் பெயரைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்.

## எதை வைத்து அளப்பது?

தண்ணீர். "உப்புத் தண்ணீர்" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு தொல்லைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நாக்கில் கரிக்கும் உப்பு, அதாவது குளோரைடு. இது கீசர் தொட்டியின் உலோகத்தை அரிக்கும். இன்னொன்று, சோப்பு நுரைக்க விடாத கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும். இது உலோகத்தை அரிக்காது. சூடேறும் இடத்தில் வெள்ளைப் பொருக்காகப் படிந்து எலிமென்டை மூடிவிடும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் போர் போட்டவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வாய்க்கும். காவிரி, கொள்ளிடக் கரை ஊர்களில் இரண்டும் குறைவு. இடைப்பட்ட ஊர்களில் தெருவுக்குத் தெரு மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது இருக்கும் போர் தண்ணீரின் ருசி, வழக்கம்போல ஜனவரி 28இல் மேட்டூரை அடைத்த பிறகு சித்திரையில் இருப்பதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரைப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு வற்றவைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்குகிறதா? வாயில் வைத்தால் கரிக்கிறதா? சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் மொத்தக் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. உங்கள் எண் 200க்குக் கீழ் என்றால் இந்தக் கட்டுரையின் பாதிக் கவலை உங்களுக்கு இல்லை.

வோல்டேஜ். கீசரின் மேல் 2000 வாட் என்று எழுதியிருப்பது 230 வோல்ட் வந்தால்தான். வோல்டேஜ் குறைந்தால் வெப்பம் அதே விகிதத்தில் குறையாது, அதைவிட வேகமாகச் சரியும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் 2000 வாட் எலிமென்ட் 1225 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். டிரான்ஸ்பார்மருக்கு வெகு தொலைவில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், சுற்றிலும் பம்புசெட் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது 180 என்பது அதிசயமில்லை. கீசர் கெட்டுவிட்டது என்று நினைத்த சில வீடுகளில் உண்மையில் கெட்டிருப்பது லைன்தான்.

மின்கட்டணத்தின் மேல்படி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் போக மேலே ஏறி உட்காருவது கீசரின் யூனிட்டுகள். ஆகவே சராசரி விலையில் கணக்குப் போடாதீர்கள். கடைசி ரசீதில் உங்கள் மேல்படி எதுவோ அந்த விலைதான் கீசரின் விலை. 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை விலையும் கைவிட்டுப் போகும்.

வாளிக் கணக்கு. மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீர் 23 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு 0.4 யூனிட் ஆகிறது. நான்கு பேர், தலைக்கு ஒரு வாளி என்றால் நாளொன்றுக்கு 1.6 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 100 யூனிட். எந்தக் கம்பெனி, எத்தனை நட்சத்திரம் என்றாலும் தண்ணீரைச் சூடாக்க வேண்டிய இந்த வெப்பத்தை மிச்சம் பிடிக்க முடியாது. நட்சத்திரம் சொல்வது, சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது ஆறிப்போகும் அளவை மட்டும்தான். ஷவரில் நிதானமாக நிற்பவர்கள் வாளிக் கணக்கை இரண்டால், மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒயரிங். இதைக் கடைசியில் சொல்வதால் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். பழைய வீடுகளில் குளியலறைக்கு விளக்குக்கென்று இழுத்த மெல்லிய ஒயரிலேயே கீசரையும் மாட்டிவைத்திருப்பார்கள். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். பவர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் குறைந்தபட்சம். மீட்டர் பலகையிலிருந்து தூரம் அதிகம் என்றால் 4. நல்ல எர்த்தும், மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பை அறுக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் (RCCB) இல்லாத வீட்டில் எந்த மின்சார கீசரும் வேண்டாம். கடலோர மணல் மண்ணில் கோடையில் எர்த் குழி வறண்டுபோகும். அதில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிய பழக்கம் பெரியவர்களோடு போய்விட்டது.

## வழி 1: இருப்பதைப் பழுது பார்ப்பது

பெரும்பாலானவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். காசு மிச்சம் என்பதற்காக மட்டுமல்ல. தண்ணீரைத் தொட்டியில் பிடித்துச் சூடாக்கும் சேமிப்புக் கீசருக்குள் கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்றைத் தவிர எல்லாமே சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்று தொட்டி.

கோளாறு எங்கே என்பதை விளக்கே பாதி சொல்லிவிடும். பெரும்பாலான மாடல்களில் வெப்ப விளக்கு எலிமென்டுக்கு இணையாக, குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்:

- விளக்கு மணிக்கணக்கில் எரிகிறது, தண்ணீர் துளியும் சுடவில்லை என்றால் மின்சாரம் எலிமென்ட் வரை வருகிறது, எலிமென்ட் அறுந்திருக்கிறது.
- விளக்கே எரியவில்லை என்றால் பிளக், ஒயர், தெர்மோஸ்டாட், அதிவெப்பத் துண்டிப்பான் ஆகியவற்றில் ஒன்று. துண்டிப்பானில் அழுத்துவதற்கு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் தெர்மோஸ்டாட் நிற்காமல் ஓடுகிறது என்று அர்த்தம், மாற்றியே ஆக வேண்டும்.
- சுவிட்சைப் போட்டதும் கசிவுத் துண்டிப்பான் விழுகிறது என்றால் எலிமென்டின் உறை வெடித்துத் தண்ணீரோடு மின்சாரம் கலக்கிறது. துண்டிப்பானைத் தவிர்த்து நேரடியாக இணைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.
- வெதுவெதுப்பாக மட்டும் வருகிறது என்றால் படிவு, குறைந்த வோல்டேஜ், அல்லது கலவைக் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் கலப்பது. கீசரின் வெளிக்குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது கொதித்து, குழாயில் மட்டும் தண்ணீர் ஆறி வந்தால் கீசர் குற்றமற்றது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை: மெயினை அணைத்துவிட்டுப் பவர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பிளக்கின் தடித்த கால்களில் ஒன்று கறுத்து, சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி நின்றால் மெக்கானிக் தேவைப்படாமலே போகலாம். தளர்ந்த இணைப்பு சூடேறும், சூடேறியது மேலும் தளரும். புதுச் சாக்கெட், புது பிளக், திருகுகளை இறுக்கிப் பூட்டுவது, அவ்வளவுதான் செலவு.

எலிமென்டைக் கழற்றும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள். இணைப்புக் குழாயை அடைத்து, தண்ணீரை வடித்து, வட்டத் தகட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் கடினத் தண்ணீர் வீட்டில் முதலில் கொட்டுவது தண்ணீரல்ல. சுண்ணாம்புச் சில்லுகள் கலந்த வெள்ளைச் சேறு. பின்னால் வரும் எலிமென்டின் செம்பு நிறமே கண்ணுக்குத் தெரியாது. வளைவுகளுக்கு இடையே இடைவெளி இல்லாமல் பொருக்கு நிரம்பி, தட்டினால் ஓடு ஓடாக உதிரும். அதன் அருகிலேயே ஒரு தண்டு இருக்கும், அதுதான் ஆனோடு. புதிதில் கட்டைவிரல் தடிமனில் இருந்த மெக்னீசியத் தண்டு, உள்ளிருக்கும் கம்பி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் அளவுக்குக் கரைந்திருந்தால் தொட்டிக்குக் காவல் இல்லை என்று பொருள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலை. எலிமென்டை மட்டும் மாற்றிவிட்டு ஆனோடைப் பார்க்காமல் மூடுகிறவர் பாதி வேலைதான் செய்கிறார். உப்புத் தண்ணீர் ஊர்களில் வருடம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது அவசியம்.

படிவை நீக்க எலுமிச்சை உப்புக் கரைசலில் எலிமென்டை ஊறவைத்தால் போதும். குளியலறை கழுவும் ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதில் இருப்பதும் குளோரைடுதான், துருப்பிடிக்காத எஃகையும் துளைத்துவிடும்.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. படிவுக்குக் காரணமான தண்ணீர் மாறாதவரை எலிமென்ட் செலவு திரும்பத் திரும்ப வரும். அதைத் தள்ளிப்போட எளிய வழி தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு இறக்கி வைப்பது. 60க்கு மேல் போகப் போகப் பொருக்கு வேகமாகப் படியும்.

எப்போது பழுது பார்க்கக் கூடாது? கீசரின் வெளிக்கூட்டின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டினால். அது தொட்டி ஓட்டை. அடைக்கிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள பாதுகாப்பு வால்வு சூடேறும்போது சொட்டுவது வேறு. அது அதன் கடமை. தண்ணீர் விரிவதற்கு வழிவிடும் அந்தத் துளையில் தக்கை அடித்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவசரமாகத் திருத்த வேண்டியது அதைத்தான், ஏனென்றால் வழியில்லாத அழுத்தம் தொட்டியையே வெடிக்கவைக்கும்.

## வழி 2: புதிய சேமிப்புக் கீசர்

தொட்டி போய்விட்டால், அல்லது எலிமென்ட், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்து புதிதின் விலையில் பாதியைத் தொட்டால் இந்த வழி. 15 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒன்றரை வாளிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். 25 லிட்டரில் இரண்டரை வாளி. சூடேற முதலாவதுக்கு 20 நிமிடம், இரண்டாவதுக்கு அரை மணிக்கு மேல். வோல்டேஜ் குறைந்தாலும் இது பொறுமையாகச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் கிராமத்து லைனில் இதற்குள்ள பெரிய பலம்: 20 நிமிடம் 32 நிமிடமாகும், ஆனால் வெந்நீர் வெந்நீராகவே வரும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி தொட்டியின் உட்பூச்சு. கரிக்கும் தண்ணீர் என்றால் கண்ணாடிப் பூச்சிட்ட தொட்டியும் ஆனோடும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை மட்டும் நம்பி கடலோரத்தில் வாங்குவது சரியல்ல. குளோரைடு அதில் ஊசித் துளைகள் போடும், அதுவும் வெல்டிங் செய்த இடங்களில். கொள்ளிடக் குடிநீர் வரும் வீட்டில் எது வாங்கினாலும் பெரிய வித்தியாசமில்லை. உத்தரவாத அட்டையில் தண்ணீரின் தரம் பற்றிய வரியைக் கடையிலேயே படித்துவிடுங்கள். உப்புத் தண்ணீரால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தால், தொட்டிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்ற பெரிய எழுத்துக்கு உங்கள் ஊரில் மதிப்பு குறைவு.

காலையில் சுவிட்சைப் போட்டு இரவு அணைக்கும் வீடுகளுக்கு இது தண்டச் செலவு வைக்கும். குளிப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, குளிக்கப் போகுமுன் அணைப்பதே சிக்கனம், பாதுகாப்பும் அதுவே.

## வழி 3: மூன்று லிட்டர் உடனடிக் கீசர்

விலை குறைவு, இடம் குறைவு, சுவரில் இரண்டு திருகில் நின்றுவிடும். வாளியில் பிடித்துக் குளிக்கும் ஒன்றிரண்டு பேருக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. 3000 வாட்டில் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் வெந்நீர்; வாளி நிரம்ப 8 நிமிடம். நான்கு பேர் வரிசையாகக் குளித்தால் 2000 வாட் சேமிப்புக் கீசரைவிட இதுவே வேகம், தொட்டி காலியாகிக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கெல்லாம் 230 வோல்டுக்கு. 180இல் அதே வாளிக்கு 13 நிமிடம் ஆகும். வாளியில் பிடிப்பவர் பொறுத்துக்கொள்ளலாம். ஷவரில் நிற்பவருக்கு வெதுவெதுப்பே மிஞ்சும். இன்வெர்ட்டரில் இதை ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. கடினத் தண்ணீரில் இதன் சின்ன வயிறு சீக்கிரம் பொருக்கால் நிரம்பும். சில மாடல்களில் எலிமென்டைக் கழற்றிச் சுத்தம் செய்யவே முடியாது, கெட்டால் எறிய வேண்டியதுதான். வாங்குமுன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் அந்த மாடலுக்கு எலிமென்ட் தனியாகக் கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஒயரிங் சரியில்லாத வீட்டில் மட்டும் இது வேண்டாம். சேமிப்புக் கீசரைவிட ஒன்றரை மடங்கு மின்சாரத்தை இழுப்பது இது.

## வழி 4: கேஸ் கீசர்

வேகத்தில் இதற்கு நிகரில்லை. வாளி மூன்று நிமிடத்துக்குள் நிரம்பும். கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் பற்றிக்கொள்ளும். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பத்தில் விரயம் போகத் தண்ணீருக்குச் சேர்வது சுமார் 145 யூனிட் மின்சாரத்துக்குச் சமம், அதாவது 350 வாளிக்கு மேல். சிலிண்டருக்கு நீங்கள் கொடுக்கும் விலையை 145ஆல் வகுத்து, மின்ரசீதின் மேல்படியோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக 900 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 20 காசு. மேல்படி அதைவிடக் கூடுதலாக இருக்கும் வீட்டுக்குக் கேஸ் மலிவு. குறைவாக இருக்கும் வீட்டுக்கு மின்சாரமே மலிவு. சின்னக் குடும்பத்தில் பெரும்பாலும் பின்னதுதான். கேஸ் எப்போதும் சிக்கனம் என்று சொல்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கதவும் சன்னலும் மூடிய குளியலறைக்குள் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு வாசனை இல்லை, நிறமில்லை; தலைசுற்றல் தெரியும்போது எழுந்து கதவைத் திறக்கத் தெம்பிருக்காது. குளியலறையில் மயங்கி இறந்தவர்கள் பற்றிய செய்தி குளிர்காலந்தோறும் நாட்டின் ஏதாவதொரு மூலையிலிருந்து வருகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு மாற்றல்ல. கீசர் வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும், குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும். பின்கட்டும் திறந்த முற்றமும் உள்ள டெல்டாவின் பழைய வீடுகளுக்கு இது எளிது. அடுக்குமாடியில் உள்ளறைக் குளியலறைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இன்னொரு தடை தண்ணீரின் அழுத்தம். பத்து மீட்டர் உயரம் ஒரு பார். தாழ்ந்த கூரைமேல் வைத்த தொட்டியிலிருந்து இரண்டு மீட்டர் இறங்கும் தண்ணீருக்கு 0.2 பார்தான். அந்த அழுத்தத்தில் சில மாடல்கள் பற்றவே பற்றாது. பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

## வழி 5: சோலார்

ஓடும் செலவு ஏறக்குறைய இல்லை. 100 லிட்டர் தொட்டி 60 டிகிரியைத் தொட்டால் கலந்து பத்து வாளிக்கு வரும். இத்தனை நல்ல விஷயத்துக்கு இங்கே ஒரே எதிரி வடகிழக்குப் பருவமழை. வெந்நீர் தேவைப்படத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாது. ஆகவே தொட்டிக்குள் மின்சார எலிமென்ட் வைத்தே வாங்க வேண்டும்; 100 லிட்டரை மின்சாரத்தில் சூடாக்கினால் ரசீது என்ன சொல்லும் என்பதையும் யோசிக்க வேண்டும். மார்கழி, தையில் வானம் தெளிந்த பிறகு குறையில்லை.

கண்ணாடிக் குழாய் வகை, தட்டை வகை என்று இரண்டு. கடினத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகை பரவாயில்லை. தட்டை வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் பொருக்கால் அடைத்துக்கொள்ளும். ஆனால் தென்னை நிழலில் வீடு கட்டியிருப்பவர்கள் கண்ணாடிக் குழாயின் மேல் ஒரு நெற்றுத் தேங்காய் விழுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிழல் விழாத, மட்டை விழாத இடம் மாடியில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு, தாங்கியைத் தளத்தோடு போல்ட் அடித்துப் பூட்டச் சொல்ல வேண்டியதில்லை. கடலோரத்தில் அந்தத் தாங்கி துத்தநாக முலாம் பூசியதாக இருக்கட்டும். வெறும் பெயிண்ட் உப்புக் காற்றுக்கு நிற்காது.

விற்பவர் சொல்லாத செலவுகள்: மாடித் தொட்டி சோலார் தொட்டிக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் மேடை கட்ட வேண்டும். வெந்நீர்க் குழாய் சி.பி.வி.சி.யாக இருக்க வேண்டும், சாதாரண பி.வி.சி. நெளிந்துவிடும். குழாய் நீளமென்றால் தினமும் கால் வாளிப் பச்சைத் தண்ணீர் முதலில் வரும். ஓட்டு வீட்டுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

சொந்த வீடு, கான்கிரீட் தளம், வருடம் முழுதும் வெந்நீரில் குளிக்கும் ஐந்தாறு பேர் என்றால் சோலார் தன் விலையை மீட்டுத் தரும். மார்கழி, தை இரண்டு மாதம் மட்டும் வெந்நீர் தேடும் வீட்டுக்கு மீட்க வெகுகாலமாகும்.

## பாய்லரும் ராடும்

கொல்லையில் தென்னை இருக்கும் வீட்டில் மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும் எப்படியும் சேர்கின்றன. பரணில் கிடக்கும் பழைய செம்புப் பாய்லரை இறக்கி, ஈயம் பூசத் தேவையிருந்தால் பூசி, கொல்லையில் திறந்த வெளியில் வைத்தால் செலவில்லாத வெந்நீர். கஜாவுக்குப் பின் கரண்ட் வராத நாட்களில் வெந்நீர் இருந்தது இப்படிப்பட்ட வீடுகளில்தான். விடியலில் நெருப்பு மூட்ட ஆள் வேண்டும், புகை வரும், வீட்டுக்குள் வைக்கவே கூடாது. முதல் கீசர் கெட்டால் அடுத்த கீசர் வரும்வரை என்றாலும் இது நல்ல துணை.

வாளியில் போடும் ராடு வேறு கதை. தண்ணீரைத் தொட்டுச் சூடு பார்க்கும் கை, இரும்பு வாளி, எர்த் இல்லாத சாக்கெட் மூன்றும் சேர்ந்தால் விபத்துதான். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் ஒரு வாரத் தற்காலிக ஏற்பாடாகக்கூட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| உங்கள் நிலை | பொருத்தமானது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| தொட்டி கசியவில்லை, நல்ல தண்ணீர் | பழுது பார்ப்பது | ஆனோடையும் சேர்த்துப் பாருங்கள் |
| தொட்டி ஓட்டை, கரிக்கும் போர் தண்ணீர் | கண்ணாடிப் பூச்சுச் சேமிப்புக் கீசர் | உத்தரவாதத்தின் பொடி எழுத்து |
| லைன் கடைசி, குறைந்த வோல்டேஜ் | சேமிப்புக் கீசர் | உடனடிக் கீசர் ஏமாற்றும் |
| ஒன்றிரண்டு பேர், வாடகை வீடு | 3 லிட்டர் உடனடி | பவர் பிளக், ஒயரின் தடிமன் |
| பெரிய குடும்பம், மின்ரசீதின் மேல்படி உயரம், திறந்த பின்கட்டு | கேஸ், வெளிச்சுவரில் | மாடித் தொட்டியின் உயரம் |
| சொந்த மாடி, வருடம் முழுதும் வெந்நீர் | சோலார், மின்சாரத் துணையோடு | தென்னை, புயல், தொட்டி மேடை |

## ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு

சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தருபவர்கள் தனியாகக் கேட்கிறார்கள். கைப்பேசியில் இயக்கும் விலையுயர்ந்த மாடல்களை அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் சர்க்யூட் போர்டு கெட்டால் திருத்துறைப்பூண்டியிலோ பேராவூரணியிலோ கிடைக்கிறதா என்பதைக் கேட்பதில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று, விளக்கு ஒன்று, எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து மூடக்கூடிய சாதாரணச் சேமிப்புக் கீசர் அவர்களுக்குப் போதும். திருகை 50 டிகிரியில் நிறுத்தி அங்கேயே ஒரு கோடு போட்டுவிடுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் வயதானவர் தோலைச் சுட்டுவிடும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, இடுப்புயரத்தில், விளக்கோடு இருக்கட்டும். மிச்சப்படும் பணத்தில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதித்து, கசிவுத் துண்டிப்பானை மாட்டச் சொல்லுங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டே விமானம் ஏறுங்கள்.